போட்டியில் பின்தங்கும்போது மனம் சிதறாமல் இருக்க: ஆஷ், பீமன், ருடால்ஃப்

வெள்ளைக்கோடு கேட்டது:
ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸ், வில்மா ருடால்ஃப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிறது. போட்டியில் பின்தங்கியதும் அது காணாமல் போகிறது. முன்னோடிக் கறுப்பின வீரர்கள் செய்ததில், பயிற்சியாகவே பழக்கக்கூடியது ஏதாவது உண்டா?

புல்தரை:
1975 விம்பிள்டன் டென்னிஸ் இறுதியாட்டம். எதிரே நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸ். வருகிற வேகத்தையே திருப்பி அடிப்பவர். அதனால் ஆர்தர் ஆஷ் தன் பலத்த அடிகளை ஒதுக்கிவிட்டு, மெதுவான, தாழ்வான பந்துகளாகக் கொடுத்தார். பக்கவாட்டில் வளைந்து விலகும் ஸ்லைஸ் சர்வால் அவரைக் கோர்ட்டுக்கு வெளியே இழுத்தார். முதல் இரண்டு செட்டும் ஆஷுக்கு, 6-1, 6-1. மூன்றாவது செட்டை கானர்ஸ் 7-5 என்று எடுத்து, நான்காவதில் 3-0 என முந்தினார். பழைய அதிரடிக்குத் திரும்ப யாருக்கும் கை துறுதுறுக்கும் இடம் அது. ஆஷ் திட்டத்தை விடவில்லை, 6-4. பக்கம் மாறும் இடைவெளிகளில் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார்.

திட்டத்தை முன்கூட்டியே இரண்டு வரியாக எழுத வையுங்கள். 'ஜெயிக்கணும்' என்று எழுதினால் பயனில்லை. 'சர்வ் வெளிப்பக்கம்' என்பதுபோலக் கையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். இடைவெளியில் கண்ணை மூடி அதை மட்டும் நினைக்க வேண்டும். ஐந்தாறு வரி கொடுத்தால் நெருக்கடியில் ஒன்றும் நினைவுக்கு வராது.

மணல்குழி:
நீளம் தாண்டுதலுக்கு 1968 மெக்சிகோ ஒலிம்பிக். தகுதிச்சுற்றில் பாப் பீமனின் முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல், அதாவது எழும்பும் பலகையைத் தாண்டி மிதித்ததால் செல்லாதவை. பலகைக்குச் சற்று முன்னாலேயே எழும்பச் சொன்னவர், அவருடன் போட்டியிட்ட ரால்ஃப் பாஸ்டன். ஓவன்ஸின் 25 ஆண்டு உலக சாதனையை 1960-ல் முறியடித்தவர். பீமன் தேறினார். மறுநாள் 8.90 மீட்டர்!

இதைப் பழக்கும்போது ஒரு தவறு நேரும். ஃபவுலுக்குப் பயந்து பலகையையே பார்த்து ஓடினால் கடைசி நாலு காலடிகள் குறுகி, வேகம் செத்துவிடும். ஓட்டத்தை மாற்றாதீர்கள், தொடக்கக் குறியை 20 செ.மீ. பின்னால் தள்ளுங்கள், போதும்.

நாலாவதுதடம்:
ருடால்ஃப் கதையில் போலியோவிலிருந்து நேரே 1960 ரோமின் மூன்று தங்கத்துக்குத் தாவிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு உதவும் பகுதி நடுவில் இருக்கிறது: 1956 மெல்போர்னில் 200 மீட்டரில் முதல் சுற்றோடு வெளியேறினார், தொடர் ஓட்டத்தில் வெண்கலம். ரோமின் தொடர் ஓட்ட இறுதியிலும் அவர் கைக்கு பேட்டன் (ஓட்டக்காரர்கள் கைமாற்றும் குறுங்கோல்) தடுமாறித்தான் வந்தது. பிறகுதான் எல்லோரையும் முந்தினார்.

தடுமாறும் கைமாற்றத்தையும் வேண்டுமென்றே பழக்குங்கள். வாங்குபவர் வேகத்தைக் குறைத்து, இறுகப் பிடித்த பிறகு ஓடட்டும். கைமாற்று எல்லைக்குள் முடிந்தால் போவது நேரம் மட்டும்தான்; பதறி எல்லையைத் தாண்டினால் அணியே தகுதி இழக்கும்.