எபோலா மையங்களில் இரண்டு அளவு குளோரின் ஏன்? (சியரா லியோன், 2014–16)

தணிகை கேட்டது:

சியரா லியோன் எபோலா பரவலை வைத்து மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு தயார் செய்கிறேன். மூன்று சந்தேகங்கள். 0.5%, 0.05% என்று இரண்டு குளோரின் கரைசல் வைத்தார்களே, எப்படிக் கலந்தார்கள், எங்கே பிசகும்? பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து என்கிறார்கள், அது ஏன்? சிகிச்சை மையங்கள் திறந்த பிறகும் பரவல் உடனே அடங்காததற்கு என்ன காரணம்?

கீற்று:

குளோரினை மட்டும் சொல்கிறேன். 0.5% என்பது தரை, படுக்கை, பூட்ஸ், கழிவு, சடலப் பை இவற்றுக்கு. 0.05% வெறும் கைக்கு. 0.5% கரைசலில் நாள் முழுக்கக் கை கழுவினால் தோல் வெடிக்கும், வெடித்த தோல் வைரஸுக்கு வாசல்.

கணக்கு எளிது: வேண்டிய சதவீதத்தைப் பொருளில் உள்ள குளோரின் சதவீதத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். அங்கே பெரும்பாலும் பயன்பட்டது 70% கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை. 0.5 ÷ 70 × 1000, ஏறக்குறைய 7 கிராம். 20 லிட்டர் வாளிக்கு 140 கிராம், அதாவது 10 மேசைக்கரண்டி. 0.05% வேண்டுமானால் அதே வாளிக்கு ஒரே ஒரு கரண்டி. சாதாரண பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30% சுற்றித்தான் இருக்கும். அதை 7 கிராம் போட்டால் பாதி வலுகூட வராது. டப்பாவில் போட்டிருக்கும் சதவீதத்தைப் படிக்காமல் கரண்டியைத் தூக்குவதுதான் முதல் பிசகு.

முதலில் தண்ணீர், பிறகு குருணை. மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் கம்பாலோ கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டல் தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். இரும்புப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். வெயிலில் வைத்தால் வலு குறையும், ஆகவே மூடி போட்டு நிழலில், தினமும் புதிதாக. நேற்று மிஞ்சியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரத்தம், வாந்தி, சேறு எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். சிந்திய இடத்தில் துணியைப் போட்டு மூடி, மேலே 0.5% ஊற்றி, 15 நிமிடம் விட்டு, துடைத்தெடுத்து, திரும்ப ஒரு தடவை ஊற்ற வேண்டும். வாசனை மூக்கைத் துளைக்கிறது என்பதால் கரைசல் வலுவாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சோதனைப் பட்டைதான் சொல்லும்.

இன்னொன்று: கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் குளோரின் மாத்திரையில் இருக்கும் டைகுளோரோ ஐசோசயனுரேட்டையும் ஒரே டப்பாவில் கொட்டக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுமே "குளோரின்" என்ற பெயரில் வந்து இறங்குவதால் கிடங்கில் தனித்தனி அலமாரி வேண்டும்.

பொன்னி:

கீற்று சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. கைக்கு 0.05% கட்டாயமில்லை. சோப்பும் தண்ணீரும், அல்லது ஆல்கஹால் கைத்தேய்ப்பும் போதும். ஆள் மேல் குளோரின் தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு, ஒட்டியிருக்கும் அழுக்கும் தெறித்துப் பரவும்.

உடைக்கு வருவோம். உள்ளே போகும்போது எல்லாம் சுத்தம், ஆளும் தெளிவாக இருப்பார். வெளியே வரும்போது உடையின் வெளிப்பக்கம் முழுக்க அசுத்தம், ஆள் வியர்த்துக் களைத்து, கண்ணாடி பனித்துப் பார்வை மங்கி நிற்பார். அந்த வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருப்பதே கஷ்டம். அவசரத்தில் கை முகத்துக்குப் போகும்.

முழு உடையைக் கழற்றும் வரிசை: முன் குனிந்து ஏப்ரன். தலை மூடி. பிறகு நிலைக்கண்ணாடி முன் நின்று தலையைப் பின்னால் சாய்த்து ஜிப்பை இறக்கி, தோளை விடுவித்து, கையை உருவும்போதே வெளிக் கையுறையும் அதோடு வந்துவிட வேண்டும். உள் கையுறையோடு உடையை உட்புறம் வெளியே வருமாறு பூட்ஸ் வரை சுருட்டுவது. பின்தலைப் பட்டையைப் பிடித்துக் கண் கவசம். முகக்கவசத்தில் கீழ் நாடா முதலில், மேல் நாடா பிறகு. பூட்ஸைக் கையால் தொடாமல். கடைசியில் உள் கையுறை. ஒவ்வொரு படிக்கும் நடுவே கை சுத்தம். கூடவே ஒருவர் நின்று படிகளை உரக்கச் சொல்ல வேண்டும். தனியாகக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் முழு உடையில் இருந்தவர்கள் மட்டுமா பாதிக்கப்பட்டார்கள்? கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் சேர்த்து 800-க்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்று வந்தது. சாதாரண வார்டில், மலேரியா என்று நினைத்துக் கையுறைகூட இல்லாமல் தொட்ட இடங்களையும் வகுப்பில் சொல்லுங்கள்.

நெடுங்கரை:

மூன்றாவது கேள்விக்கு: மையம் என்பது பாதி வேலைதான். மரணத்தின் போது உடலில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், அந்த உடலைக் குளிப்பாட்டுவது உறவினர்கள். 2014 மே மாதம் சியரா லியோனில் முதலில் உறுதியான நோயாளிகளில் பலர் கைலாகுன் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்கள். அடக்கக் குழு உடையோடு போய் இறங்கினால் வீட்டார் சடலத்தை ஒளித்துவிடுவார்கள். ஆகவே சாதாரண உடையில் போய், பேசி, ஒப்புதல் வாங்கி, அவர்கள் கண் முன்னேதான் உடை போட வேண்டும். தொழுகைக்கும் ஜெபத்துக்கும் இடம் விட வேண்டும்.

பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாளில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) "இல்லை" என்று வரலாம். 72 மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் புதுத் தொற்றுச் சங்கிலி ஆரம்பம். தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் பார்க்க வேண்டும், பரவல் முடிந்தது என்று அறிவிக்கக் கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் காத்திருக்க வேண்டும். 2016 ஜனவரி 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் பரவல் முடிந்தது என்ற அறிவிப்பு வந்த கையோடு சியரா லியோனின் டொங்கோலிலி மாவட்டத்தில் ஒரு மரணம் எபோலா என்று உறுதியானது. இறந்தவர் வாயிலிருந்து மாதிரி எடுக்கும் வழக்கம் இருந்ததால்தான் அது பிடிபட்டது.

தணிகை:

நன்றி. வகுப்பில் குளோரின் இல்லாமல் உடை கழற்றும் பயிற்சியை எப்படிக் காட்டுவது?

பொன்னி:

வெறும் தண்ணீர் போதும். ஏப்ரனிலும் கையுறையிலும் ஒளிரும் பொடி தடவிவிட்டு, கழற்றி முடித்ததும் அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கை அடியுங்கள். முதலில் மணிக்கட்டையும் கழுத்தையும் பாருங்கள்.