கைப்பிங்கும் காரைக்குடியும்: கடல் கடந்து வந்த பணம்தான் இரண்டிலும், பிழைப்பு மட்டும் ஏன் வேறு?

காரைக்குடி டீச்சர்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கேட்கிறேன். தென் சீனாவில் குவாங்டோங் மாகாணத்துக் கைப்பிங்கிலும் நம்மைப் போலவே வெளிநாட்டுப் பணத்தில் பெரிய வீடுகள் எழுந்தன. 1,833 கோபுர வீடுகள் இன்னும் நிற்கின்றன. 2007-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்த வட்டாரம் இப்போது தண்ணீர்க் குழாய் (டேப்) செய்து ஏற்றுமதி பண்ணுகிறது. இங்கே பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. காரணம் நிலமா, பணம் வந்த விதமா?

கண்மாய்க்கரை:
முதலில் தண்ணீரைப் பாருங்கள் டீச்சர். கைப்பிங் வட்டாரத்தின் தலைமை ஊரான சான்பு, தான்ஜியாங் ஆற்றோடு கிளையாறு கூடுமிடத்தில் இருக்கிறது. சாங்ஷா, சின்சாங், திஹாய் என்ற மூன்று படகுத்துறைகள் சேர்ந்து வளர்ந்த ஊர் அது. ஆற்றோடு போனால் கடல், அங்கிருந்து ஹாங்காங். சந்தையும் கிட்டங்கியும் துறையை ஒட்டியே வந்தன.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. செம்பூரான்கல் மேட்டுநிலம், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய கண்மாய், குடிக்க ஊருணி. அங்கே சித்திரையிலிருந்து புரட்டாசி வரை மழை, நெல் இரண்டு போகம், கடைசி மாதங்களில் புயலும் உண்டு. அவர்கள் கோபுரமாக உயர்த்திக் கட்டியதற்குக் கொள்ளையர் பயம் ஒரு காரணம், வெள்ளம் இன்னொன்று. நாம் ஓட்டுக்கூரைத் தண்ணீரை வளவுக்குள் (வீட்டு நடுமுற்றத்துக்குள்) இறக்கிச் சேர்த்தோம். இந்த இரண்டு வீட்டின் குறுக்குவெட்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

பழைய வட்டிக்கணக்கு:
பணத்தின் தன்மையும் வேறு. கைப்பிங்கிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் கூலிகள், சலவைக்கடை, சாப்பாட்டுக்கடைக்காரர்கள். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடை போட்டது. மனைவி மக்களைக் கூட்டிக்கொள்வது அரிதாயிற்று. அதனால் சம்பாத்தியம் கடிதத்தோடு ஊருக்கு வந்தது. நம் நகரத்தாரின் மூலதனம் பர்மாவிலும் மலாயாவிலும் கடனாகவே சுற்றியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் பர்மா வயல்கள் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது, 1948-இல் பர்மா விடுதலை பெற்ற பிறகு நில தேசியமயச் சட்டம். போட்ட முதலே போயிற்று.

ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: கைப்பிங்குக்கும் 1941-இல் ஹாங்காங் விழுந்ததும் பணவரவு அறுந்தது. ஆக, கோபுரம் கட்டிய பணம் ஆலை கட்டவில்லை. ஆலைகள் பெருகியது 1978-க்குப் பிந்தைய பொருளாதாரத் திறப்பில், ஹாங்காங் பக்கத்தில் இருந்ததால்.

முலாம் பட்டறை:
குழாய்த் தொழிலின் மையம் சான்புக்குக் கிழக்கே உள்ள சுய்கோவ். வேலை இப்படி: உள்ளே துளை விழ அச்சுக்குள் மணல் கரு வைத்துப் பித்தளை ஊற்றுவார்கள். பிறகு கடைசல், மரை, காற்றழுத்தத்தில் கசிவுச் சோதனை, மெருகு. அதன்மேல் பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் நிக்கல், கடைசியாக ஒரு மைக்ரானுக்கும் குறைவாகக் குரோமியம். பித்தளை களிம்பேறி அரிக்காமல் தடுப்பது நிக்கல்தான். குரோமியம் பளபளப்புக்கும் கீறல் விழாமலிருக்கவும். வார்ப்பில் ஊசித்துளை இருந்தாலோ எண்ணெய்ப்பசை போகாவிட்டாலோ முலாம் கொப்பளித்து உரியும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவே அலசத் தண்ணீர் வேண்டும். அலசிய நீரிலுள்ள நச்சான ஆறிணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூவிணைதிறனாக மாற்றி, காரம் சேர்த்துப் படியவைத்த பிறகே வெளியே விடலாம். அப்படியே கண்மாயில் விட்டால் அடித்துப்போக ஆறு இல்லை, அங்கேயே தங்கும்.

அறிவு இங்கே குறைவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அச்சு வெட்டுபவர், வார்ப்பவர், முலாம் பூசுபவர், அட்டைப்பெட்டி செய்பவர் எல்லோரும் ஒரே வட்டாரத்தில், பக்கத்தில் துறைமுகத்தோடு சேர்ந்திருப்பது சுய்கோவுக்கு வாய்த்தது.

காரைக்குடி டீச்சர்:
நன்றி. அப்படியானால் தரையில் பதிக்கும் நம் ஆத்தங்குடிக் கல் எப்படி நிலைத்தது?

முலாம் பட்டறை:
அதற்குச் சூளை வேண்டாம், ஆறும் வேண்டாம். கண்ணாடிப் பலகை, உள்ளூர் மணல், சிமெண்ட், நிறப்பொடி, ஊறவைக்க ஒரு தொட்டி. இந்த நிலத்துக்குக் கட்டுப்படியாகிற தொழில் அது.