தபாலில் தொலைந்த லென்ஸ்: நட்டம் யாருக்கு?

பட்டர்வொர்த் மணி:
வணக்கம். பழைய கேமரா லென்ஸ் ஒன்றை 850 ரிங்கிட்டுக்கு விற்று, கோலாலம்பூருக்குக் கூரியரில் அனுப்பியாயிற்று. ஒன்பது நாளாக டிராக்கிங் ஷா ஆலாமிலேயே நிற்கிறது. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுத்தாக வேண்டுமா?

செந்தூல் வாசகி:
கூரியரில் அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தால், 1957ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவைப் பாருங்கள். கூரியரிடம் ஒப்படைத்ததே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். ஆனால் இருவரும் வேறு மாதிரி பேசியிருந்தால் அதுதான் செல்லும். "கைக்கு வந்து சேரும் வரை என் பொறுப்பு" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்களா? அப்படியென்றால் நட்டம் உங்களுடையது. இன்னொன்று: பொருளுக்குத் தகுந்த முறையில் அனுப்புவது விற்பவரின் கடமை. 850 ரிங்கிட் கண்ணாடிப் பொருளை மதிப்புக் குறிக்காமல், காப்புறுதி இல்லாமல் மலிவான சேவையில் அனுப்பினால், அந்த ஒப்படைப்பை வாங்கியவர் ஏற்க மறுக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஜெலுத்தோங் குமார்:
அண்ணே, முதலில் கூரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான், அதனால் இழப்பீட்டை நீங்கள்தான் கேட்க வேண்டும். கெடு குறுகியது; ரசீதின் பின்பக்கம் பாருங்கள். ரசீது, எடை, பொட்டலப் படம், பணம் வந்த பேங்க் பதிவு எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். காப்புறுதி இல்லையென்றால் சிறு தொகைதான் வரும்.

செந்தூல் வாசகி:
வாங்கியவர் உங்கள்மேல் வழக்குப் போட நினைத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உதவாது, அது வியாபாரிகளுக்கு எதிரான கோரிக்கைக்கு. தனியாள் விற்பனை என்றால் அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198ஆம் பாரத்தில் சிறு கோரிக்கை போடலாம்.