புதுப்பிப்பு: அந்தப் பயணக் கார்டை மூடிவிட்டேன்

கும்பகோணத்தில் இருப்பவனுக்கு 10,000 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் பயணக் கார்டு (பயணச் சலுகைகள் தரும் கிரெடிட் கார்டு) தேவையா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் வாங்கச் சொன்னீர்கள். வாங்கினேன்.

18% ஜிஎஸ்டியோடு 11,800 போனது. கார்டைக் காட்டி ஏர்போர்ட் லவுஞ்சுக்குள் (ஓய்வறை) நுழைந்தது இரண்டே தடவை, ஒரு இட்லியும் ஆறிய காபியும். நமக்கு வாய்த்தது உழவன் எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர்தானே!

கார்டில் செலவழித்தால் கிடைக்கும் ரிவார்டு புள்ளி சேர்ப்பதுதான் பெரிய பாடு. உரக்கடையில் கார்டை நீட்டினால், “2 பர்சென்ட் கூட வரும் தம்பி, ஜிபே பண்ணிடுங்க” என்றார் கடைக்காரர். அறுவடை மெஷின் வாடகை, நடவுக் கூலி எல்லாம் ரொக்கம். பெட்ரோலுக்கும் நகைக்கும் இந்தக் கார்டில் புள்ளியே கிடையாது, அதை நான் முதலில் படிக்கவில்லை.

திருச்சியிலிருந்து தங்கையைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது மட்டும் உதவியது. வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என் பழைய கார்டில் 3.5%, இதில் 2%. அறுபதாயிரம் செலவுக்கு ஜிஎஸ்டியோடு மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். புள்ளிகளால் டிக்கெட்டில் 4,000 குறைந்தது. அப்படியும் ஆறாயிரத்துக்கு மேல் நஷ்டம்.

மூடச் சொன்னதும் பாதிக் கட்டணத்துக்குத் தருவதாக பேங்கிலிருந்து போன் வந்தது. சம்பா அறுவடை முடியட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.