டிக்கியை இழக்காமல், வெளியே தெரியாமல் ஒரு சப்வூஃபர்: யோசனை தேவை

பின்னிருக்கை எழுதியது:

வணக்கம். என்னுடையது சிறிய செடான் கார். நிறுவனமே பொருத்திக் கொடுத்த தொடுதிரை ஹெட் யூனிட், அதாவது டாஷ்போர்டில் உள்ள இசைச் சாதனம். நான்கு கதவுகளிலும் ஆறரை அங்குல ஸ்பீக்கர். தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. குரலும் வயலினும் குறை சொல்ல முடியாதபடி கேட்கின்றன. ஆனால் டபுள் பேஸ் என்ற ஆளுயர நரம்பு வாத்தியத்தை வாசிப்பவர் தடித்த கம்பிக்குப் போனதும் மேடையை விட்டே இறங்கிவிட்டதுபோல் இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் கதவு அதிர்கிறதே தவிர சுரம் வருவதில்லை.

ஹெட் யூனிட்டை மாற்ற இயலாது. ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தான்களும் அதோடு பிணைந்தவை. டிக்கியில் அம்மாவின் சக்கர நாற்காலி போக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படக் கூடாது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்கு என் பாட்டு கேட்கவும் கூடாது.

இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த 8 அங்குல சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள ஸ்பீக்கரை, முன் இருக்கையின் கீழ் வைப்பது. மற்றொன்று, டிக்கியின் பக்கவாட்டுக் குழிக்கு ஏற்ற மூடிய பெட்டியில் ஆழம் குறைந்த 10 அங்குல சப்வூஃபரும், தனியாக ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயரும். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒலிச் சமிக்ஞையை எங்கிருந்து எடுப்பது?

தாழ்சுரம் எழுதியது:

10 அங்குலம்தான் என் வாக்கு. இருக்கைக்கு அடியில் வைக்கும் சாதனங்கள் 40 ஹெர்ட்ஸை (நொடிக்கு 40 அதிர்வு) நெருங்கும்போதே மூச்சு வாங்கும். டபுள் பேஸின் கீழ்க்கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். உங்களுக்கு வேண்டியதே அந்த இடம். மூடிய பெட்டி 15 முதல் 20 லிட்டர் வரை இருந்தால் பல 10 அங்குல மெல்லிய சப்வூஃபர்களுக்குப் போதும். சக்கர வளைவுக்குப் பின்னால் அவ்வளவு இடம் கிடைக்கும், நாற்காலிக்கும் இடையூறு வராது.

மூடியபெட்டி எழுதியது:

தாழ்சுரம் சொல்லும் 41 ஹெர்ட்ஸ் கணக்கு சரி. மூடிய பெட்டிகளை விரும்புபவன்தான் நானும். ஆனால் இந்தக் காருக்கு, இந்த நிபந்தனைகளுக்கு, நான் இருக்கையின் அடியைத்தான் சொல்வேன்.

செடானில் டிக்கி என்பது வேறு அறை. நடுவில் பின்னிருக்கையின் முதுகும் அதன் பின்னுள்ள தகடும் நிற்கின்றன. டிக்கியில் பிறக்கும் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்குதான் உங்களிடம் வந்து சேரும். மீதி டிக்கி மூடியையும் நம்பர் பிளேட்டையும் ஆட்டிவிட்டுத் தெருவுக்குப் போகும். உள்ளே குறைவாகக் கேட்பதால் நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். தெருவுக்குப் போவதும் சேர்ந்து கூடும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கக் கூடாது என்பவருக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இல்லை. டிக்கியும் உள்ளறையும் ஒன்றாக இருக்கும் ஹேட்ச்பேக் என்றால் நானும் தாழ்சுரத்தின் பக்கம் நின்றிருப்பேன்.

ஒலி பிறக்கும் இடம் பயணிகள் அறைக்குள்ளேயே இருந்தால் அந்த அறை உங்களுக்கு உதவி செய்யும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். காரின் உள்ளறையோ அதில் பாதிகூட இல்லை. அலை விரிய இடமில்லாதபோது சப்வூஃபர் முழு அறையின் காற்றழுத்தத்தையே ஏற்றி இறக்குகிறது. அதிர்வெண் குறையக் குறைய இந்த ஆதாயம் கூடும்: ஏட்டுக் கணக்கில் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வரை. கதவு இடுக்குகளிலும் தகட்டின் நெகிழ்விலும் கொஞ்சம் கசிந்துபோகும் என்றாலும், மிஞ்சுவது கணிசமானது. மூடிய பெட்டியின் ஒலி கீழே இறங்கும்போது சரிவதும் கிட்டத்தட்ட அதே 12 டெசிபல்தான். ஒன்று சரிய மற்றது தூக்கிப் பிடிக்கிறது. வீட்டு மேசையில் வைத்துக் கேட்டால் மெலிந்து ஒலிக்கும் 8 அங்குலம், காருக்குள் டபுள் பேஸை முழு உருவத்தோடு நிறுத்துவது இதனால்தான். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் கேட்கும் இசைக்கு அது தேவையும் இல்லை.

இனிச் சமிக்ஞை. பின்கதவு ஸ்பீக்கர் வயர்களிலிருந்து கிளை எடுத்து, சப்வூஃபரின் ஸ்பீக்கர்நிலை உள்ளீட்டில் (ஸ்பீக்கர் வயரை நேரடியாக ஏற்கும் இணைப்பு) கொடுங்கள். ஸ்பீக்கர்களைக் கழற்ற வேண்டாம். இங்கே ஓர் எச்சரிக்கை: இக்காலக் கார் ஹெட் யூனிட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களிலுமே பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி நிற்கும். கழித்தல் வயர்தானே என்று அதைக் காரின் உடலோடு இணைத்தால் ஹெட் யூனிட்டின் வெளியீட்டுச் சில்லு கெட்டுப்போகலாம். அதே மின்னழுத்தத்தை உணர்ந்து தானே விழித்துக்கொள்ளும் சப்வூஃபர்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கினால் ஆன்–ஆஃப் வயரை டாஷ்போர்டு வரை இழுக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒலியைக் கூட்டும்போது தாழ்ந்த சுரங்களைத் தானாகவே வெட்டும் ஹெட் யூனிட்டுகள் உண்டு. சிறிய கதவு ஸ்பீக்கர்களைக் காப்பாற்ற நிறுவனம் செய்யும் ஏற்பாடு அது. 40 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளை வெவ்வேறு ஒலி அளவுகளில் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் வயரில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால் கவலை இல்லை. 40 மட்டும் பின்தங்கினால், அதை ஈடுசெய்யும் ஒலிச் செயலி ஒன்று இடையில் தேவைப்படும்.

செம்புக்கம்பி எழுதியது:

மின்சாரத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. காரில் தீப்பிடிக்கக்கூடிய வேலை அதுதான்.

பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். அது காப்பது வயரை, சப்வூஃபரை அல்ல. வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் பகுதியைக் காக்க எதுவுமே இல்லை. தகட்டில் துளை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை இழுக்காதீர்கள்.

150 வாட் சாதனம் முழு வேகத்தில் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 8 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்கிறார்கள். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே தடிமனில் அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள். அது உயிரைத் தாங்கும் போல்ட்.

இருக்கையின் கீழ் மஞ்சள் நிற இணைப்பான்கள் தெரிந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே இருக்கையை அசையுங்கள். மின்சாரக் கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போகாதீர்கள்.

பின்னிருக்கை எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிக்கி வேறு அறை என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இருக்கையின் கீழேயே போகிறேன். அடியில் அளந்து பார்த்தேன், இடம் இருக்கிறது. ஆனால் பின்னிருக்கைக்கு வெப்பக் காற்று தரும் குழாயின் வாய் அங்கேதான் திறக்கிறது. கதவு ஸ்பீக்கர்களுக்குத் தாழ்ந்த ஒலி போகாமல் தடுக்க ஹெட் யூனிட்டில் வசதி இல்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

தாழ்சுரம் எழுதியது:

செடான் என்பதற்கு நான் உரிய எடை கொடுக்கவில்லை. மூடியபெட்டி சொல்வதை ஏற்கிறேன். கதவுகளுக்கு எளிய வழி உண்டு. 4 ஓம் ஸ்பீக்கரோடு தொடராக 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, துருவமற்ற வகை (கூட்டல், கழித்தல் முனை வேறுபாடு இல்லாதது), ஒன்றை இணைத்தால் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரியத் தொடங்கும். செங்குத்தாக வெட்டாது, ஆனாலும் கதவின் பாரம் குறைந்து குரல் தெளிவதைக் கேட்பீர்கள். சப்வூஃபருக்குச் சமிக்ஞை எடுக்கும் கிளை மின்தேக்கிக்கு முன்னால், ஹெட் யூனிட்டின் பக்கம் இருக்க வேண்டும்.

மூடியபெட்டி எழுதியது:

வெப்பக் குழாயின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். பக்கத்து முன் இருக்கைக்குக் கீழ் வாய் சற்றுத் தள்ளி இருக்கிறதா பாருங்கள். இருக்கையை முழுக்க முன்னும் பின்னும் நகர்த்தி, மேலே ஏற்றிக் கீழே இறக்கி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே பட்டையை இறுக்குங்கள். தரைவிரிப்பில் ஈரம் தேங்கும் வழக்கம் இருந்தால், சாதனத்தை ஒரு சென்டிமீட்டராவது உயர்த்துங்கள்.

ஒலியைப் பொருத்தும்போது சப்வூஃபரின் வெட்டு அதிர்வெண்ணை (அதற்கு மேலுள்ள ஒலியைச் சப்வூஃபர் குறைத்துவிடும்) 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். சப்வூஃபரின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) முழுவதும் குறைத்துவிட்டு, நன்கு பழகிய ஒரு டபுள் பேஸ் பதிவை வழக்கமான ஒலி அளவில் போட்டு, மெல்லக் கூட்டுங்கள். சப்வூஃபர் ஒன்று இருப்பது காதுக்குத் தெரிகிற இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். பிறகு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை 0 பாகைக்கும் 180 பாகைக்கும் மாற்றிக் கேளுங்கள். எதில் டபுள் பேஸ் நிறைவாக, முன்பக்கமிருந்து வருவதுபோல் ஒலிக்கிறதோ அதுவே சரி. இருக்கையில் தொடைக்கு அடியில் அதிர்வு தெரிந்தால் சாதனம் உலோகத்தைத் தொடுகிறது என்று பொருள். இடையில் தடித்த நுரை வையுங்கள்.

கதவுகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். பேனலைக் கழற்றி, வெளித் தகட்டின் நடுவே, அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் தாளை ஒட்டுங்கள். தகடு முழுவதையும் மூட வேண்டாம். கால் பங்குப் பரப்பே அதிர்வைப் பெருமளவு அடக்கிவிடும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் சப்வூஃபர் வாங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டு, ஒரு வாரம் அப்படியே கேட்டுப் பார்ப்பேன்.