360 வீடியோவில் முக்கியமான காட்சி பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் நடந்தால்?

இருட்டறை:
ஒரு வீட்டுக்குள் நடக்கும் சண்டையை 360 குறும்படமாக (சுற்றிலும் எல்லாத் திசையும் தெரியும் வீடியோ) எடுத்திருக்கிறேன். அண்ணன் கதவைத் திறந்து உள்ளே வருவதுதான் திருப்பமே, ஆனால் விஆர் ஹெட்செட்டில் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அப்போது ஜன்னலையோ கூரையையோ வேடிக்கை பார்க்கிறார்கள். அம்புக்குறி போட்டால் அசிங்கமாக இருக்கிறது. சாதாரணப் படம் என்றால் ஒரு குளோசப் வைத்து முடித்திருப்பேன். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுழல்நாற்காலி:
அம்பு வேண்டவே வேண்டாம். ஒலி ஸ்டீரியோதானா? அப்படியானால் தலையை எங்கே திருப்பினாலும் சத்தமும் கூடவே வரும், கதவு எந்தப் பக்கம் என்று யாருக்கும் புரியாது. ஆம்பிசானிக்காகக் கலந்தால் (சத்தம் வரும் திசையையும் சேர்த்து வைக்கும் ஒலி முறை, முதல் நிலைக்கு 4 சேனல்) கதவுச் சத்தம் கதவிலேயே நிற்கும். அதுவும் ஆள் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டுமே, அதனால் முதலில் அண்ணன் தட்டட்டும், உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்க்கட்டும், அப்புறம் கதவு திறக்கட்டும். எதிரில் இருப்பவர் பார்க்கும் இடத்தைத்தான் நாமும் பார்ப்போம்.

ஒட்டுக்கோடு:
கட் எங்கே வருகிறது என்பதையும் கவனியுங்கள். முந்தைய ஷாட் முடியும்போது பெரும்பாலானவர்கள் எந்தத் திசையில் பார்க்கிறார்களோ, அடுத்த ஷாட்டைச் சுழற்றி அதன் முக்கியமான ஆளை அதே திசையில் வைத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். இன்னொன்று, 5.7கே என்று பெருமையாகச் சொன்னாலும் அந்த 5760 பிக்சல் முழுச் சுற்றுக்கும் சேர்த்துத்தான். ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் 100 டிகிரி தெரிகிறது என்று வைத்தால் கண்ணுக்கு வருவது 1600 பிக்சல். கதவு தள்ளி இருந்தால் அண்ணன் முகத்தில் கோபமா அழுகையா என்றே தெரியாது. அதற்காக அவரைக் கேமராவை ஒட்டி நிறுத்தினாலும் இரண்டு லென்ஸின் படங்கள் சேரும் இடத்தில் முகம் உடையும்.

பார்வைக்கோணம்:
எனக்கு வேறு சந்தேகம். பார்ப்பவர் அந்த வீட்டில் யார்? 2016இல் வந்த 'பேர்ல்' அனிமேஷன் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, அதில் நம்மைக் காருக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள், அதனால் நாம் ஏன் அங்கே இருக்கிறோம் என்ற கேள்வியே வராது. நடு ஹாலில் வெறும் டிரைபாடாக நின்றால் மனசு கூரையைத்தான் பார்க்கும். யூனிட்டி மாதிரி கேம் எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) செய்தால், பார்வை கதவின் மேல் பட்ட பிறகுதான் அண்ணன் வரும்படி வைக்கலாம். எடுத்து முடித்த வீடியோ யாருக்காகவும் காத்திருக்காது.

இருட்டறை:
நடு ஹால்தான், அதுவும் ஆளுயரத்தில் 😅 மறுபடி எடுக்க வாய்ப்பில்லை. ஒலியை மட்டும் மாற்றினால் தேறுமா?

சுழல்நாற்காலி:
வசனங்களைத் தனித்தனி மைக்கில் பதிவு செய்திருந்தால் ஓரளவு தேறும். தட்டும் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், கதவு திறப்பதற்குச் சில நொடி முன்னால் வையுங்கள்.