ரீ: போன் வெளியீட்டு ஹைப்புக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? (என் முன்மொழிவு: வாய்தா வசதி)

எல்லாருக்கும் வணக்கம்,

புது போன் வரும்போது கெளம்புற ஹைப்புக்கு, அதாவது ஊதிப் பெருக்குற எதிர்பார்ப்புக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்ட இந்த இழைய முழுக்க படிச்சேன். ஹைப்புக்கு ஆரவாரமா ஆர்ப்பரிப்பா பரபரப்பான்னு நல்லாவே அலசியிருக்கீங்க, என்னக் கேட்டா மூணுமே சரிதான், எடத்துக்கு ஏத்த மாதிரி போட்டுக்கலாம், அதுக்குன்னு புதுசா ஒண்ணு உருவாக்கத் தேவையில்ல. புது போன் வரப்போவுதுன்னா நாம நெசமாவே சொல் இல்லாம தடுமாறுற எடம் வேற. மேடைல ஒரு வசதியக் காட்டுவாங்க, கைதட்டு விழும், விளம்பரத்துல அதுதான் முன்னாடி நிக்கும், ஆனா கீழ பொடி எழுத்துல 'பின்னர் வரும் அப்டேட்டில் கிடைக்கும்'னு இருக்கும். போன வாங்கிப் பிரிச்சுப் பாத்தா அது உள்ள இருக்காது. இதுக்கு என்ன பேரு? தமிழ் ரிவ்யூக்கள்ல இருக்குற வசதிக்கும் வரப்போற வசதிக்கும் சேத்து "வசதி இருக்கு"ன்னு ஒரே மாதிரி எழுதிடுறாங்க, வாசகர் அத நம்பித்தான் காசு குடுக்குறார்.

> வேப்பர்வேர்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கே, ஆவிப்பொருள்னு ஆக்கிட்டா முடிஞ்சுது

முடியாதுங்க. வேப்பர்வேர்னா அறிவிச்சுட்டு கடைசில வராமலே போற பொருள். மொதல்ல ஆவின்னாலே பேய்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கு கானற்பொருள்னு வைக்கலாம்னு தோணுது, வன்பொருள் மென்பொருள் வரிசைல அப்படியே உக்காருது, கிட்டப் போகப் போக இல்லாமப் போறதுங்குற அர்த்தமும் தானா வந்துடுது (கானல்பொருள்னு பிரிச்சு எழுதினாலும் எனக்கு சம்மதமே). ஆனா அது முழுப் பொருளுமே வராமப் போறதுக்கு. ஆப்பிள் 2017 செப்டம்பர்ல ஏர்பவர்னு ஒரு சார்ஜிங் மேட் அறிவிச்சு 2019 மார்ச்ல கைவிட்டுட்டாங்களே, அது கானற்பொருள். நான் கேக்குறது போன் கைக்கு வந்துடுச்சு, அதுல சொன்ன ஒரு வசதி மட்டும் வரல, அந்த நெலமைக்கு.

சரியான உதாரணம் ஆப்பிளோட குரல் உதவியாளர் சிரிதான். நம்ம மெசேஜ், மெயில் எல்லாம் தெரிஞ்சு பதில் சொல்ற புது சிரின்னு 2024 ஜூன்ல காட்டினாங்க, செப்டம்பர்ல ஐபோன் 16 விற்பனைக்கு வந்துச்சு, அத வெச்சு விளம்பரமும் ஓடுச்சு, 2025 மார்ச்ல இன்னும் நாளாகும்னு சொல்லி விளம்பரத்த எடுத்துட்டாங்க. அத நம்பி வாங்கினவங்க கைல அப்ப இருந்தது நல்ல போன்தான், வேப்பர்வேர் கெடையாது. ஆனா வாங்கின காரணம் மட்டும் உள்ள இல்லாம இருந்துச்சு.

இதுக்கு நான் வைக்கிற சொல் வாய்தா வசதி.

ஏன் இப்படி அடிக்கடி நடக்குதுன்னா, வன்பொருள் வடிவத்த பல மாசம் முன்னாடியே முடிவு பண்ணி பாகங்களுக்கு ஆர்டர் குடுத்தாகணும், தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சுட்டா விக்கிற தேதிய நகத்துறது ரொம்ப செலவு, ஆனா மென்பொருள கடைசி நாள் வரைக்கும், ஏன் வித்ததுக்கு அப்புறமும் கூட மாத்தலாம், அதனால தாமதம் பெரும்பாலும் மென்பொருள் தலைலதான் விடியுது. செயற்கை நுண்ணறிவு வந்ததுக்கப்புறம் இது அதிகமாயிடுச்சு, வருஷா வருஷம் வன்பொருள்ல பெருசா மாத்தம் இல்லாததால மேடைல சொல்றதுக்கு மென்பொருள் வசதிதான் மிச்சம் இருக்கு.

வாய்தா வசதிங்குறது திட்டுற சொல் இல்லங்குறதயும் சொல்லிடுறேன், இது முக்கியம். 2016 செப்டம்பர்ல ஐபோன் 7 பிளஸ்ல பின்னணிய மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோட் அப்புறமா வரும்னு சொன்னாங்க, அக்டோபர் கடைசில வந்துடுச்சு. கூகுள் பிக்சல் 8 ப்ரோவுக்கு வீடியோ பூஸ்ட்னு 2023 அக்டோபர்ல சொன்னத டிசம்பர்ல குடுத்தாங்க. ரெண்டுமே வாய்தா வசதிதான், சொன்னபடி வந்த வாய்தா. அதே நேரம் மொத ஐபோன் 2007ல காப்பி பேஸ்ட் இல்லாம வந்து அது 2009லதான் கெடச்சுதே, அது இந்தக் கணக்குல வராது, ஏன்னா தர்றோம்னு அப்ப யாரும் சொல்லல. 2019ல சாம்சங்கோட மடிக்கிற போன் கேலக்ஸி ஃபோல்டு ஏப்ரல்ல வர வேண்டியது, ரிவ்யூக்குக் குடுத்த போன்கள்ல திரை கெட்டுப்போய் செப்டம்பருக்குத் தள்ளிப்போச்சு, அது வெளியீட்டுத் தாமதம் அவ்வளவுதான். லீக்ல வந்து நடக்காமப் போனதயும் இதுல சேக்கக் கூடாது. கம்பெனி வாயத் தெறக்காத ஒண்ணுக்கு அவங்கள வாய்தாக்காரங்க ஆக்குறது நியாயமில்ல, அதுக்கு கசிவுங்குற சொல்லே போதும்.

> வாய்தா தமிழ்ச் சொல் இல்லையே ஐயா, தூய தமிழில் யோசிக்கலாமே

இந்த மறுப்ப நான் லேசா எடுத்துக்கல. உருது வழியா வந்த அரபுச் சொல்தான், மூலத்துல வாக்குறுதின்னே அர்த்தம், நம்மகிட்ட வந்து தவணை, கோர்ட்ல தள்ளி வைக்கிற தேதின்னு ஆச்சு. வாக்குறுதி, தள்ளிப்போறது ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு, நமக்கு வேண்டியதும் இந்த ரெண்டும்தானே. மத்ததெல்லாம் போட்டுப் பாத்தேன். வாக்கு வசதின்னா ஓட்டுப் போடுற வசதி மாதிரி இருக்கு, தவணை வசதின்னா இஎம்ஐ, கடன் வசதின்னா பேங்க், பின்வரு வசதின்னா 'பின்வருமாறு'ன்னு ஏதோ பட்டியல் வரப்போற மாதிரி. இழைல ஒரு அக்கா சொன்ன 'வருங்கால அம்சம்' சுத்தமாத்தான் இருக்கு, ஆனா அதுல யாரும் யாருக்கும் வாக்கு குடுத்த மாதிரியே தெரியல, பொறுப்பு கழண்டு போயிடுது.

இன்னொண்ணு, வாய்தாவ வாக்கியத்துல வெச்சா தானா நடக்குது. "கேமரா அருமை, குரல் உதவி இன்னும் வாய்தாலதான் இருக்கு." "டிசம்பர்னு சொன்னாங்க, இப்ப மறு வாய்தா வாங்கிட்டாங்க." "மூணு வாய்தா தாண்டி கடைசில கானலாப் போச்சு." கலைச்சொல் பட்டியல்ல மட்டும் படுத்துக் கெடக்குற சொல்ல விட பேச்சுல புழங்குற சொல்தான் நிக்கும், இதுல எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

ரிவ்யூ எழுதுறவங்க குழுவுல நெறையப் பேர் இருக்கீங்க, ஒரு வேண்டுகோள். வாங்குற அன்னைக்கு போன்ல ஓடுற வசதிய மட்டும் வசதின்னு எழுதுங்க, மத்ததுக்கு வாய்தா வசதின்னு போட்டு கம்பெனி சொன்ன மாசத்தயும் பக்கத்துல போடுங்க, மாசமே சொல்லலன்னா 'தேதி இல்லா வாய்தா'ன்னு போடுங்க. புது போனப் பத்தி எதிர்பாக்குறதும் தப்பில்ல, சந்தேகப்படுறதும் தப்பில்ல, ரெண்டு பேரும் எதப் பத்திப் பேசுறோம்னு தெரிஞ்சா சண்டை பாதி கொறையும்.

எனக்கே தீராத ஒரு சிக்கல் இருக்கு, அதுல உங்க கருத்து வேணும். பிக்சல் 8லயும் அப்புறம் கேலக்ஸி எஸ்24லயும் 7 வருஷத்துக்கு அப்டேட் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. இது வாய்தா வசதியா? ஆகாதுன்னுதான் நெனக்கிறேன், ஒரு தடவ குடுத்து முடிக்கிற விஷயமில்ல, வருஷா வருஷம் நிறைவேத்திட்டே இருக்கணும், அதனால 'புதுப்பிப்பு உறுதி'ன்னு தனியா வைக்கலாமான்னு பாக்குறேன். இதுக்கும் வாய்தாவே பொருந்தும்னு நெனக்கிறவங்க ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்க, இயல்பா வந்துச்சுன்னா ஏத்துக்குறேன்.